பெருக்காத தரையும் எழுந்திருக்காத கம்ப்யூட்டரும்

கூடத்தின் ஒரு மூலையில் சவப்பெட்டி இருந்தது. எதிர் மூலையில் கம்ப்யூட்டர் இருந்தது. இரண்டில் ஒன்றாவது எழுந்துவிடும் என்று செலெஸ்தினா இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள இது எழுந்திரிக்கணும் சார். இல்லேன்னா என் தம்பிய போலீஸ்ல ஒப்படைச்சுருவாங்க."

லக்சமானா தொப்பியைக் கழற்றிச் சவப்பெட்டியைப் பார்த்து சிலுவைக் குறி போட்டார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதற்கும் ஒன்று போடலாமா என்று யோசிக்கிற முகம்.

"வேணாம் சார், அதுக்கு இன்னும் நேரம் இருக்கு," என்றாள் ஜிங்கி.

லக்சமானா பாதி ஆயுளை ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கழித்தவர். எரிந்த கடைகளின் சாம்பலைக் கிளறி, நெருப்பு தானாக வந்ததா, கூப்பிட்டு வந்ததா என்று எழுதித் தருகிற வேலை. ஓய்வுக்குப் பிறகு மரிக்கினா நகரில் ஒரு சலூனுக்கு மேலே அறை பிடித்துத் துப்பறிந்துகொண்டிருந்தார். ஜிங்கி அவருடைய உதவியாளர். அதற்கு முன் ஓர் இன்டர்நெட் கடையைப் பார்த்துக்கொண்டவள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு விளையாட வரும் பையன்களோடு மல்லுக்கட்டியதில் அவளுக்குக் கம்ப்யூட்டரும் வாயும் சேர்ந்தே வளர்ந்திருந்தன.

செலெஸ்தினாவை எல்லோரும் செலி என்றார்கள். கல்யாணங்களை வீடியோ எடுப்பது அவள் தொழில். அவள் தம்பி நெஸ்தோர் ஜீப்னி என்கிற, ஆள் ஏற்றும் நீள ஜீப்பை ஓட்டுகிறவன். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, கோயிலில் அந்தி மணி அடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஜீப்னி வளைவில் திரும்பி ஜெனோன் என்பவரின் மீன் உருண்டைத் தள்ளுவண்டியை இடித்துக் கவிழ்த்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஜெனோனுக்குக் கை முறிந்தது. விழுந்த இடத்திலிருந்தே அவர் ஜீப்னியின் முதுகில் எழுதியிருந்த பெயரைப் படித்துவிட்டார். 'பரலோக ராணி'. ஊரில் அந்தப் பெயரில் ஓடுவது நெஸ்தோரின் வண்டி மட்டும்தான்.

நெஸ்தோர் இல்லையென்றான். அந்த நேரத்தில் அக்காவோடு கல்யாண வீட்டில் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன், வண்டி வீட்டு வாசலில் நின்றது என்றான். கல்யாணத்துக்கு வந்த மூன்று பேரை வட்டாரத் தலைவர் கூப்பிட்டு விசாரித்தார். மூவரும் மூன்று நேரம் சொன்னார்கள். மூவருமே அன்றைக்கு மணமக்களின் நலத்துக்காக நிறையக் குடித்திருந்தார்கள்.

மிச்சம் இருந்த சாட்சி செலியின் வீடியோதான். அதில் நெஸ்தோர் மைக்கைப் பிடுங்கிப் பாடிக்கொண்டிருக்கிறான். பாதிப் பாட்டில் அந்தி மணி அடிக்கிறது. மணமக்கள், விருந்தாளிகள், பரிமாறுகிறவர்கள் எல்லோரும் அப்படியே நின்று ஜெபிக்கிறார்கள். நெஸ்தோர் மட்டும் விடாமல் பாடுகிறான்.

"பாடுறப்ப அவனுக்கு இடி விழுந்தாலும் கேக்காது," என்றாள் செலி.

அதே மணி. அதே நிமிஷம். இதைவிட நல்ல சாட்சியை ஆண்டவரே வந்து சொன்னால்தான் உண்டு. ஆனால் அந்த வீடியோ இருப்பது கம்ப்யூட்டருக்குள். கேமராவில் இருந்ததை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாகிவிட்டது. சனிக்கிழமை ராத்திரி ஜெபத்துக்கு அணைக்கும்வரை இறந்தவரின் போட்டோக்களை ஓட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர், ஞாயிற்றுக்கிழமை மதியம் போட்டதிலிருந்து எழுந்திருக்கவில்லை. இன்று திங்கள். இன்று மாலை வட்டார மன்றத்தில் கடைசி விசாரணை.

ஜிங்கி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பொத்தானை அழுத்தினாள். மின்விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை கறுத்தது. கறுப்பின் நடுவே ஒரே ஒரு வெள்ளை வரி வந்தது. கிளம்புவதற்கு டிஸ்க் எதுவும் இல்லையாம்.

பக்கத்தில் நின்ற ரோடெல் தொண்டையைச் செருமினான். கடைவீதியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன் அவன். பழைய டிஸ்க் முனக ஆரம்பித்துவிட்டது என்று போன வெள்ளிக்கிழமை புது டிஸ்க் மாட்டியது அவன்தான். அவன் வேலை செய்வதைச் செலியின் மாமனார் அபுந்தியோ பின்னால் சாய்வு நாற்காலியில் இருந்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ரோடெல் வேலையை முடித்துத் திரும்பியபோது கிழவரும் முடிந்திருந்தார்.

புது டிஸ்க் சரக்கே கோளாறு, கம்பெனிக்கு அனுப்பினால் மாற்றித் தந்துவிடுவார்கள் என்று ரோடெல் சொன்னான். எத்தனை நாளில் என்று லக்சமானா கேட்டார். அடுத்த மாதம் என்றான். லக்சமானா தலையாட்டிவிட்டு, முழங்காலில் கை ஊன்றி மெதுவாகக் குனிந்து, கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் போய்விட்டார்.

துக்க வீட்டில் கொடுத்த பிஸ்கட்டைக் கீழே போட்டுவிட்டார் போல என்று ஜிங்கி நினைத்தாள்.

அவள் கம்ப்யூட்டரை மறுபடி அணைத்துப் போட்டு, ஆரம்பத்திலேயே ஒரு விசையைத் தட்டி அதன் அமைப்புப் பக்கத்துக்குள் போனாள். புது டிஸ்கின் பெயர் அங்கே தெளிவாக இருந்தது. ஆக, செத்துப்போகவில்லை, வயரும் விட்டுப்போகவில்லை. எதிலிருந்து முதலில் கிளம்புவது என்ற வரிசையிலும் அதுதான் முதலில் இருந்தது. பார்க்கவும் முடிகிறது, வரிசையிலும் இருக்கிறது, ஆனால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. அவளுடைய பழைய வீட்டுக்காரர் இப்படித்தான் இருப்பார் என்று அவள் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. துக்க வீடு.

பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகினாள். இன்டர்நெட் கடைக் காலத்துச் சாமான். அதற்குள் ஒரு சின்ன சிஸ்டமே இருந்தது. அதை வைத்துக் கிளப்பியதும் கம்ப்யூட்டர் சமர்த்தாக எழுந்தது. ஜிங்கி புது டிஸ்கைத் திறந்து உள்ளே பார்த்தாள். எல்லாமே ஒழுங்காக இருந்தது. ஒரு கீறல் இல்லை. ஒரு கல்யாணமும் இல்லை.

"அக்கா, வீடியோ எதுவுமே இதுல இல்ல."

செலி சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்போது காபித் தட்டோடு வந்த ஒரு பெண் அப்படியே நின்றாள். நெஸ்தோரின் மகள் மயூமி. பத்தொன்பது இருபது வயது. துக்க வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக சனிக்கிழமையிலிருந்து இங்கேயே இருந்தாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன. கிழவருக்காக இந்த வீட்டில் அதிகம் அழுதது இவள்தான் என்று செலியே காலையில் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

ஜிங்கி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கொஞ்ச நேரத்தில் அது என்னவென்று பிடிபட்டது. அவள் நாற்காலியை ரோடெல் பக்கம் திருப்பினாள்.

"தம்பி, பழைய டிஸ்க் எங்க?"

வெள்ளிக்கிழமையே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டதாக ரோடெல் சொன்னான். எந்த அலமாரி என்றாள். அவன் கையை நீட்டிய திசையில் அலமாரியே இல்லை.

"இங்க பாரு. புது டிஸ்க்ல சிஸ்டம் முழுசா இருக்கு. அத கிளப்பி விடுற சின்ன பாகம் மட்டும் இல்ல. அது ஏன் இல்லேன்னா, நீ சிஸ்டம் ஏத்துனப்ப பழைய டிஸ்கும் பக்கத்துலயே மாட்டியிருந்துச்சு. அங்க ஏற்கெனவே ஒரு கிளப்புற பாகம் இருக்கே, புதுசா எதுக்குன்னு கம்ப்யூட்டர் அதையே வெச்சுக்கிச்சு. ஜீப்னி இதுல, சாவி அதுல."

"அப்புறமா கழட்டிட்டேனே அக்கா."

"கழட்டியிருந்தா சனிக்கிழமை முழுக்க தாத்தா போட்டோ எப்படி ஓடுச்சு? சாவி இல்லாம?"

ரோடெல் சவப்பெட்டியைப் பார்த்தான். கிழவர் தனக்காக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. பிறகு எல்லாம் வெளியே வந்தது. வீடியோக்களைப் புதுசுக்கு மாற்றிவிட்டுப் பழையதைக் கழற்றித் தரச் சொல்லியிருந்தாள் செலி. மாற்ற ஆரம்பிப்பதற்குள் கிழவர் போய்விட்டார். ரோடெல் மூடியை மூடிவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினான். மறுநாள் செலி அழுதுகொண்டே வேலை முடிந்ததா என்று கேட்டபோது, அந்த முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல வரவில்லை. அடக்கம் முடிந்ததும் வந்து சத்தமில்லாமல் முடித்துக் கொடுத்துவிடலாம் என்று இருந்தான். பழையது இன்னமும் உள்ளேதான் இருக்கிறது என்று சத்தியம் செய்தான்.

ஜிங்கி பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். கையால் திருகினாலே வந்துவிடுகிற திருகுகள். உள்ளே புது டிஸ்க் ஒன்றே ஒன்று இருந்தது. பக்கத்து இருக்கை காலி. அதற்குப் போக வேண்டிய வயர் தொங்கியது. சுற்றிலும் தூசி, நடுவில் ஒரு டிஸ்க் அளவுக்குச் சுத்தம்.

ரோடெலின் முகம் விழுந்ததைப் பார்த்தபோது, அவன் சத்தியம் உண்மை என்று ஜிங்கிக்குத் தெரிந்தது. பொய் சொல்கிறவன் இவ்வளவு ஏமாற மாட்டான்.

மேஜைக்கு அடியிலிருந்து லக்சமானாவின் குரல் வந்தது.

"செலிம்மா, வெள்ளிக்கிழமை ராத்திரி வந்தவங்களுக்குக் கொறிக்க என்ன குடுத்தீங்க?"

செலிக்குக் கேள்வி புரியச் சற்று நேரம் ஆனது. கடலை என்றாள். சனிக்கிழமை? தர்ப்பூசணி விதை. நேற்று? இறால் அப்பளம்.

"பெருக்கல இல்ல?"

செலிக்குக் கோபம் வந்துவிட்டது. பிணம் வீட்டில் இருக்கும்போது யாராவது பெருக்குவார்களா, பெருக்கினால் அடுத்த சாவையும் அல்லவா கூட்டி வரும், சாருக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்டாள்.

"தெரியும்மா. நீங்க நல்ல கிறிஸ்துவச்சியான்னு பாத்தேன்." லக்சமானா வெளியே வந்தார். முழங்கால் இரண்டிலும் கொறித்துப் போட்ட தோல்கள் ஒட்டியிருந்தன. "ஜிங்கி, குனிஞ்சு பாரு. தொடாத."

ஜிங்கி குனிந்து பார்த்தாள். மூன்று நாள் துக்கமும் தரையில் அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. அடியில் கடலைத் தோல். அதன் மேல் தர்ப்பூசணி விதையின் ஓடுகள். அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு தூசிக் கட்டி, கம்ப்யூட்டருக்குள் மட்டுமே வளர்கிற வகை. தூசிக்கு மேல் அப்பளத் துண்டுகள்.

"விதை தின்னதுக்கு அப்புறம், அப்பளத்துக்கு முன்னாடி யாரோ மூடியத் திறந்திருக்காங்க," என்றாள்.

"சனிக்கிழமை ராத்திரி. ஜெப நேரத்துல போட்டோ ஓடுறத அணைச்சாங்க. அதுக்கப்புறம் யாரும் போடல. மேஜைக்கு முன்னாடி இவ்வளவு பெரிய மலர் வளையம். எல்லாரும் முற்றத்துல சீட்டு ஆடுறாங்க. வெளிய போறவன் கையில என்ன இருக்குன்னு யாரு பாக்கறது?"

யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். துக்க வீட்டுக்காரர்கள் விருந்தாளியை வாசல் வரை கொண்டுபோய் விடுவதில்லை. விட்டால் அதுவும் ஒரு சாவு. இந்த ஊரில் திருடுவதற்கு இதைவிடத் தோதான வீடு கிடையாது என்று ஜிங்கிக்குத் தோன்றியது. ஆனால் அன்றைக்கு வந்தவர்கள் தெருவே திரண்ட கூட்டம். மாலைக்குள் எத்தனை பேரை விசாரிப்பது என்று கேட்டாள்.

லக்சமானா கம்ப்யூட்டரின் மூடியைத் தட்டிக் காட்டினார்.

"இத யாரு திருப்பி மூடினது?"

"திருடன்தான்."

"திருடனுக்கு மூடி எதுக்கு? திருகு எல்லாத்தையும் மறுபடி போட்டுருக்கான். வயர கூட பிய்க்கல. அழிக்கணும்னு வந்தவன் இப்படிப் பண்ண மாட்டான். டிஸ்க் கொஞ்ச நாளைக்குக் கண்ணுல படக்கூடாது, ஆனா பத்திரமா இருக்கணும். அதான் அவன் ஆசை. அப்ப எங்க வெச்சிருப்பான்?"

"வீட்டுல."

"துக்க வீட்டுலேர்ந்து நேரா வீட்டுக்கா?"

 ஜிங்கியே கூட அப்படிப் போக மாட்டாள். பிணம் பார்த்த காலோடு நேரே வீட்டுக்குப் போனால் இறந்தவரும் பின்னாலேயே வந்துவிடுவார். நடுவில் எங்காவது உட்கார்ந்து, எதையாவது சாப்பிட்டு, அவரை அங்கே உதறிவிட்டுத்தான் போக வேண்டும். கையில் இறந்தவர் வீட்டுப் பொருள் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தத் தெருக்காரர்கள் எங்கே உட்காருவார்கள் என்று லக்சமானா கேட்டார். லோலெங் கஞ்சிக் கடை, அங்கேதான் பெஞ்சு இருக்கிறது என்றாள் செலி.

லோலெங் பெரிய உடம்புக்காரி. இஞ்சி போட்ட அரிசிக் கஞ்சியைக் கிளறிக்கொண்டே, கையை நிறுத்தாமல் பேசுகிறவள். லக்சமானா முதலில் கஞ்சி கேட்டார். முட்டை போடச் சொன்னார். பிறகு இன்னொரு முட்டை. ஜிங்கி வாசலுக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுப்புக்குப் பின்னால் ஒரு நீளப் பலகை இருந்தது. அதன் மேல் குடைகள், ஒரு ஜோடிச் செருப்பு, வாடிய பூங்கொத்துகள், பிரிக்காத பிஸ்கட் பொட்டலங்கள். துக்க வீட்டில் கையில் கொடுத்ததையும், அங்கே கொண்டுபோனதால் தீட்டுப்பட்டதையும் வீட்டுக்குக் கொண்டுபோகப் பயந்தவர்கள் விட்டுப்போனவை. அடக்கம் முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்வார்கள். சிலர் வருவதே இல்லை.

"அக்கா, உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டாள் ஜிங்கி.

"எதுக்கு? ஊருல செத்தவங்க எல்லாம் இங்கதான் இறங்குறாங்க. ஒருத்தராவது கஞ்சி கேட்டதில்ல."

சனிக்கிழமை ராத்திரி செங்கல் மாதிரி கனமாக ஏதாவது யாராவது வைத்தார்களா என்று லக்சமானா கேட்டார். லோலெங் கரண்டியாலேயே காட்டினாள். பலகைக் கோடியில், டிரைவர்கள் கழுத்தில் போட்டுக்கொள்கிற வெள்ளைத் துவாலையில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"செவ்வாக்கிழமை அடக்கம் முடிஞ்சதும் எடுத்துக்கறேன், ஈரம் படாம பாத்துக்கன்னு சொன்னான். ரெண்டு கிண்ணம் தின்னான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. பாட்டும் பாடல. அப்பவே எனக்கு என்னமோன்னு இருந்துச்சு."

"யாரு?"

"நெஸ்தோர்தான். வேற யாரு இங்க பாடுறது?"

ஜிங்கி துவாலையைப் பிரித்தாள். ரோடெல் ஒட்டிய நாடாவில் 'பழசு' என்று எழுதியிருந்தது. அவள் அதை மேஜையில் வைத்தாள்.

"சார், நம்ம தொழில்ல குற்றவாளி சாட்சிய திருடுவான். சரி. குற்றமே செய்யாதவன் தன் சாட்சிய தானே ஏன் திருடணும்?"

"அவனே வரான். கேளு."

நெஸ்தோர் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். ஜீப்னி நிறுத்தம் எதிரில்தான். கழுத்தில் துவாலை இல்லாமல் அவன் வேறு யாரோ மாதிரி இருந்தான். மேஜையில் இருந்ததைப் பார்த்தான். ஓடவில்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, லோலெங் வைத்த கஞ்சியைத் தள்ளி வைத்தான்.

அவன் சொன்னதில் பாதி சத்தமே இல்லாமல் வந்தது. சனிக்கிழமை வரை அவனுக்கும் எதுவும் தெரியாது. யாரோ வண்டிப் பெயரைத் தப்பாகப் படித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தான். ஜெபம் முடிந்தபோது மயூமி சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு கதறினாள். வாழ்நாளில் இரண்டே முறை பார்த்த கிழவருக்காக இப்படி அழுகிறாளே என்று ஊரே உருகியது. அவன் அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனான். அங்கேதான் சொன்னாள். அன்றைக்கு அப்பா கல்யாணத்துக்குப் போனதும், ஓட்டிப் பழகலாம் என்று வண்டியை எடுத்திருக்கிறாள். லைசென்ஸ் கிடையாது. வளைவில் இடித்ததும் கை கால் உதறி, நிற்கத் தெரியாமல் ஓட்டிக்கொண்டே போயிருக்கிறாள்.

"வண்டி அதுதான்னு ஜெனோன் பாத்துட்டாரு. நான் பாட்டு பாடிட்டிருந்தேன்னு வீடியோ சொல்லுது. அப்ப யாரு ஓட்டுனதுன்னு அடுத்த கேள்வி வரும். வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான் சார்." அவன் டிஸ்கைத் தொடாமல் அதன் பக்கத்தில் கையை வைத்தான். "இதுல அக்காவோட பொழப்பு பூரா இருக்கு. ஆத்துல போட மனசு வரல. என் லைசென்ஸ் போனா போகுது. மூட்டை தூக்கிப் பொழச்சுக்குவேன்."

லக்சமானா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். செலி எங்களை இதைத் தேடித் தரச் சொன்னாள், தேடியாகிவிட்டது, அவள் வீட்டுக்குத் திருப்பித் தந்துவிடுவோம், மற்றதை மன்றத்தில் பேசிக்கொள் என்றார். நெஸ்தோர் தலையைக் குனிந்துகொண்டான். வீட்டுக்குப் போய் மகளிடம் ஒரு வார்த்தை பேசலாமே என்று ஜிங்கி சொல்லிப் பார்த்தாள். பேசினால் அவள் மன்றத்துக்கே வந்து நின்றுவிடுவாள் என்றான்.

வீட்டு வாசலில் மயூமிதான் நின்றாள், கழுவிய கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு. செலி உள்ளே பாதிரியாரோடு பேசிக்கொண்டிருந்தாள். லக்சமானா துவாலைப் பொட்டலத்தை அந்தத் தட்டின் மேல் வைத்தார்.

"உங்க அத்தையோடது. சேத்துரும்மா."

மயூமி அப்பாவின் துவாலையை அடையாளம் கண்டுகொண்டாள்.  லக்சமானா தொப்பியைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். ஜிங்கி அவரைத் துரத்திப் பிடித்தாள்.

"சார், இருக்கற ஒரே சாட்சிய இடிச்சவ கையிலயே குடுத்துட்டு வறீங்க. ஆத்துக்கு இங்கேர்ந்து நாலு வீடுதான்."

"தெரியும்."

"அவ போட்டுட்டா?"

"நம்ம செலிம்மாகிட்ட செருப்படி வாங்குவோம். நீ முன்னாடி நில்லு."

வட்டார மன்றக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே ஜெனோன் உட்கார்ந்திருந்தார், கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டபடி. மெலிந்த மனிதர். எதிரில் நெஸ்தோர். பக்கத்தில் செலி, துக்கத்துக்குக் குத்திய கறுப்பு நாடாவோடு. வீடியோ இன்னும் வரவில்லையா என்று அவள் கண்ணாலேயே கேட்டாள். லக்சமானா கூரையைப் பார்த்தார். ஜிங்கி வாசலைப் பார்த்தாள். வாசலில் ஒரு நாய் இருந்தது.

தலைவர் சாட்சி உண்டா என்று கேட்டார். செலி எழுந்து, கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது, இன்னும் ஒரு வாரம் கொடுங்கள் என்று கெஞ்ச ஆரம்பித்தாள். நெஸ்தோர் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"வாரம் எல்லாம் வேணாம் தலைவரே. நான்தான் ஓட்டுனேன்."

செலி அவனைப் பார்த்த பார்வையில் கூடமே கொஞ்சம் சூடானது. உனக்கென்ன பைத்தியமா, என் கண் முன்னால்தானே பாடினாய், நானே விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் படம் எடுத்தேனே என்றாள். நெஸ்தோர் பாட்டு அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது என்றான். தலைவர் இருவரையும் அடக்கிவிட்டு, எழுத்தரிடம் எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுத்தர் பேனாவை உதறினார். அது எழுதவில்லை. இன்னொரு பேனா தேடினார்.

நாய் எழுந்து வழிவிட்டது. மயூமி வந்தாள். மூச்சு வாங்கியது. கோப்பைத் தட்டைத் தூக்குவது போலவே இரண்டு கையாலும் டிஸ்கைப் பிடித்திருந்தாள்.

"அப்பா பொய் சொல்லுவாரு. சொல்லிட்டாரா?"

"இப்பத்தான்," என்றார் தலைவர்.

"அப்ப இதப் பாருங்க."

தலைவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே அழுத்த வேண்டும் என்று கேட்டார். ஜிங்கி எழுந்து போய் மன்றத்துக் கம்ப்யூட்டரோடு அதை வயர் போட்டு இணைத்தாள். சற்று நேரத்தில் நெஸ்தோரின் குரல் கூடத்தை நிறைத்தது. மிகவும் மோசமான குரல். மணி அடித்தது. திரையில் எல்லோரும் அப்படியே நின்றார்கள். நெஸ்தோர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மேல் ஸ்தாயிக்குப் போனான். கூடத்தில் இருந்த நெஸ்தோர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

பாட்டு முடிந்தது. செலி திரையிலிருந்து மயூமியைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியிருக்க வேண்டும். அவள் எழுந்து போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"நான்தான் ஓட்டுனேன்," என்றாள் மயூமி.

தலைவர் ஜெனோனைப் பார்த்தார். ஜெனோன் அவளைப் பார்த்தார்.

"ஏம்மா நிக்கல?"

"பயந்துட்டேன்."

"எனக்கும்தான் பயமா இருந்துச்சு. என்னால ஓட முடியல."

 இதற்கு என்ன வேண்டும், நீயே சொல், இல்லையென்றால் மேலே அனுப்பிவிடுகிறேன் என்று தலைவர் ஜெனோனிடம் கேட்டார். ஜெனோன் தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். வண்டியைச் சரி பண்ணியாயிற்று, தள்ளுவதற்குத்தான் ஆள் இல்லை என்றார். பள்ளிக்கூட வாசல், சந்தை, மறுபடி கோயில் வாசல், மேடு கொஞ்சம் அதிகம். மாவு பிசைய இரண்டு கை வேண்டும். எண்ணெய் தெறிக்கும். இந்தக் கை சேருகிறவரை யாராவது கூட இருந்தால் போதும், மேலே அனுப்பி என்ன ஆகப்போகிறது, போலீஸ்காரனா வந்து வண்டி தள்ளுவான் என்றார்.

நெஸ்தோர் உடனே எழுந்தான். ஜெனோன் நல்ல கையை உயர்த்தி அவனை உட்காரச் சொன்னார்.

"நீ வேணாம்பா. நீ பாடுவே."

லைசென்ஸ் வாங்குகிற வரை இவள் எந்த வண்டியின் சாவியையும் தொடக்கூடாது என்பதையும் தலைவர் எழுதச் சொன்னார். எழுத்தருக்கு இப்போது எழுதுகிற பேனா கிடைத்திருந்தது.

மயூமி கன்னத்தைத் துடைத்துக்கொண்டு ஜெனோனுக்கு எதிரில் போய் நின்றாள்.

"காலையில எத்தன மணிக்கு வரணும்?"